சம்சாரம் கூடாது

மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளாமல் இருப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. வீடு அமைதியாக இருக்கும். ஆனால் சொல்லியே தீரவேண்டிய விஷயத்தையும் மூன்றாம் ஆள் வழியாகத்தான் சொல்லியாக வேண்டும். உலகம்மாளுக்கும் பொன்செல்விக்கும் நடுவே அந்த மூன்றாம் ஆள் மகேஷ்குமார். ஒருத்திக்கு மகன், இன்னொருத்திக்குப் புருஷன். சொன்னதைச் சொன்னபடி கொண்டு சேர்க்கிற வேலைக்கு அவ்வளவாகத் தோதுப்படாதவன்.

போன வாரம் ஒரு சண்டை. பொன்செல்வி திருவனந்தபுரத்தில், சாலை என்கிற கடைத்தெருவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்குப் பார்க்கிறாள். வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக வசதியில்லை. அதனால் ஆன்லைனில் ஒவ்வொரு சர்ட்டிபிக்கேட்டாகப் படித்து முடிக்கிறாள். மூன்று சேர்ந்தால் வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. டேட்டா சயின்ஸ் படிக்க இடம். நுழைவுத்தேர்வும் கிடையாது, மொத்த பீஸையும் ஒரே மூச்சில் கட்டவும் வேண்டாம்.

“தவணையில பட்டமா? கட்டிலு பீரோ வாங்குத மாதிரில்லா இருக்கு” என்று உலகம்மாள் கேலி செய்தாள். மூன்றாவது சர்ட்டிபிக்கேட்டின் பரீட்சையில் பொன்செல்வி தோற்ற அன்று, “நான் அப்பவே சொன்னேன்” என்றும் சொல்லிவைத்தாள்.

பொன்செல்வி அன்றைக்குத்தான் திருப்பிப் பேசினாள். “நாகர்கோவில்ல எனக்கு எம்.எஸ்ஸி. சீட்டு கெடச்சிருந்துச்சு அத்தை. ஆவணியிலயே கல்யாணத்த முடிக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னது நீங்கதான்.”

அதோடு சரி. பேச்சு நின்றது. உலகம்மாளுக்குத் தூக்கமும் நின்றது. சீட்டு விஷயம் அவளுக்குச் சத்தியமாகத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டிருப்பாளா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பதில் நன்றாக இல்லை.

இன்றைக்கு அந்தப் பரீட்சையை மறுபடி எழுத வேண்டும். இதுவும் போனால் பாடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். வெள்ளிக்கிழமையோடு இந்த வருஷத்து அட்மிஷனும் முடிகிறது.

காலையில் மகேஷ் விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். கப்பலில் கன்டெய்னர்களைக் கட்டி அவிழ்க்கிற வேலை அவனுக்கு. அறைக்குள்ளிருந்து பொன்செல்வி அவனிடம் என்னவோ கேட்டாள். உலகம்மாள் சட்னி அரைத்துக்கொண்டிருந்ததால் மிக்ஸி சத்தத்தில் கேள்வி அமுங்கிவிட்டது. “சொல்லியாச்சு, சொல்லியாச்சு” என்று அவன் சலித்துக்கொண்டது மட்டும் காதில் விழுந்தது.

உண்மையில் அவன் இன்னும் சொல்லியிருக்கவில்லை. ஷூ மாட்டும்போதுதான் ஞாபகம் வந்தது.

“அம்மா, இன்னைக்கு இவளுக்குப் பரீக்ஷ. முறிக்குள்ள சம்சாரம் பாடில்லா, கேட்டியா?”

மகன் இந்த ஊருக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மலையாளம் எங்கே முடிகிறது, தமிழ் எங்கே தொடங்குகிறது என்று அவனுக்கே தெரியாது. உலகம்மாள் வள்ளியூரை விட்டு வந்து இரண்டு வருஷம்தான். முறி என்றால் அறை, பாடில்லா என்றால் கூடாது என்பதெல்லாம் பிடிபட்டிருந்தது. ஆனால் சம்சாரம் கூடாதாமே?

‘பரீட்சை எழுதுதவளே இவன் சம்சாரம்தானே! அவ இல்லாம யாரு எழுதுவா?’

அவனிடமே கேட்டிருக்கலாம். அதற்குள் துறைமுக பஸ் ஹாரன் அடித்துவிட்டது. மருமகளிடம் கேட்க முடியாது. பக்கத்து வீட்டு ஷிஜா கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தாள். மார்த்தாண்டத்துக்காரி, வளர்ந்ததெல்லாம் இங்கே. உலகம்மாள் தயங்கித் தயங்கி அவளிடம் கேட்டாள்.

ஷிஜாவுக்குச் சிரிப்பில் கிளிப் வாயிலிருந்து விழுந்தது. “அய்யோ அம்மே! மலையாளத்துல சம்சாரம்னா பேச்சு. முறிக்குள்ள ஆரும் பேசப்பிடாது. அதாணு சேட்டன் பறஞ்சது.”

“பேச்சா? அவ்வளவுதானா!”

உலகம்மாளுக்கு உயிர் வந்தது. பேசாமல் இருப்பதில் இந்த வீட்டில் யாருக்கு என்ன சிரமம்? ஒரு வாரமாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறார்கள்!

பரீட்சை தொடங்குமுன் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்து, பிரசாதத்தைக் கொண்டுவந்து மருமகள் நெற்றியில் வைத்துவிட வேண்டும் என்பது அவள் போட்டுவைத்திருந்த கணக்கு. மன்னிப்புக் கேட்க அவளுக்கு வராது. வாழ்நாளில் கேட்டுப் பழகியதில்லை. சந்தனம் வைக்கத் தெரியும்.

தொட்டியிலிருந்து அருகம்புல் பறித்தாள். சுற்றி எடுத்துப்போக அடுப்படியிலிருந்து ஒரு தாளை உருவினாள். பொன்செல்வி கணக்குப் போட்டுக் கிறுக்கித் தள்ளிய தாள்கள் அங்கே ஒரு குவியலாகக் கிடக்கும். அப்பளத்தில் எண்ணெய் வடிய வைக்கவும், மிளகாய் வற்றல் உலர்த்தவும் உலகம்மாளுக்கு அவைதான். இரண்டு பக்கமும் எழுதியதென்றாலும் நல்ல தாளைக் குப்பையில் போடவா முடியும்?

கோயிலில் அன்றைக்கென்று கூட்டம். ஐயப்ப பக்தர்கள் ஒரு வண்டி நிறைய வந்து இறங்கியிருந்தார்கள். தேங்காய் எறிகிற இடத்தில் இடித்துப் பிடித்து முன்னால் போய், கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி எறிந்தாள். சிதறிய சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

“பிள்ளையாரப்பா, என் வாயால வந்தது என்னோட போகட்டும். அந்தப் பிள்ளைய விட்டுரு.”

வாழையிலைக் கீற்றில் சந்தனம் வாங்கினாள். கசங்காமலிருக்க அருகம்புல் சுற்றிவந்த அதே தாளில் இலையை மடித்துக்கொண்டாள். வெளியே வந்தால் கிழக்கே கோட்டையில் ஏதோ ஊர்வலம். வண்டி ஒன்றும் நகரவில்லை. ஆட்டோக்காரன் வண்டியை அணைத்துவிட்டுச் சாவகாசமாகப் போனை நோண்டினான்.

“பதினொரு மணிக்குப் பரீட்சை தம்பி. கொஞ்சம் வெரசாப் போயேன்.”

அவன் கண்ணாடியில் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “அம்மைக்கோ பரீக்ஷ?”

உலகம்மாள் இறங்கி, வீடு இருக்கிற அட்டக்குளங்கரை வரை நடந்தாள். நடை என்ன நடை, ஓட்டம்தான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது பரீட்சை பாதி தாண்டியிருந்தது. அறைக்குக் கதவு கிடையாது. திரைச்சீலைதான். அதன் இடுக்கு வழியே பார்த்தாள். சுவரைப் பார்த்துப் போட்ட மேசையில் லேப்டாப்பும் ஒரு தண்ணீர் பாட்டிலும் மட்டும் இருந்தன. பொன்செல்வி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கணக்கு வராமல் தவிக்கிறாள் என்று உலகம்மாளுக்குத் தோன்றியது.

பரீட்சை முடிந்த பிறகு சந்தனம் வைத்து என்ன பிரயோஜனம்? பேசத்தானே கூடாது?

இடுப்பிலிருந்த சாவிக்கொத்தைக் கழற்றித் தரையில் வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தும்மல் வந்துவிடக் கூடாதே என்று மூக்கை ஒருமுறை அழுத்தித் தேய்த்துக்கொண்டாள். திரையை விலக்கி, நுனிக்காலில் உள்ளே போனாள்.

பொன்செல்வி திரும்பவில்லை. உலகம்மாள் பொட்டலத்தை லேப்டாப்பின் பக்கத்தில் வைத்துப் பிரித்தாள். தாளை விரித்தாள். இலையைத் திறந்து, மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டு, மருமகளின் நெற்றியில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மனசுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டாள். ‘நல்லா எழுதுட்டி மக்கா.’

பொன்செல்வியின் முகத்தில் ரத்தமே இல்லை. அவள் மாமியாரைப் பார்க்கவில்லை. விரித்துக் கிடந்த தாளையும் பார்க்காமல் முகத்தை நிமிர்த்திக்கொண்டாள். இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள், போலீஸைக் கண்டவள் போல.

லேப்டாப்பில் சிவப்பு எழுத்தில் என்னவோ வந்தது. அப்புறம் அதன் திரை முழுவதும் வெளுத்துப் போனது.

“போச்சு” என்றாள் பொன்செல்வி.

ஒரு வாரத்துக்குப் பிறகு மருமகள் வாயிலிருந்து அவள் கேட்ட முதல் வார்த்தை அது.

“என்னட்டி போச்சு? நான் ஒண்ணும் பேசலையே! மூச்சுகூட விடலையே!”

“பேசக் கூடாதுன்னு மட்டுமா அத்தை சொன்னாங்க?” பொன்செல்வி இன்னும் கையை இறக்கியிருக்கவில்லை. “உள்ள யாரும் வரவே கூடாது. அந்தக் கேமரா வழியா ஒரு ஆளு பாத்துக்கிட்டே இருப்பாங்க. மேசையில ஒரு துண்டுச் சீட்டு கெடக்கக் கூடாது. உங்ககிட்ட சொல்லச் சொல்லி இவருகிட்ட நேத்துலருந்து படிச்சுப் படிச்சுச் சொன்னேன்.”

“அவன் சம்சாரம் கூடாதுன்னாம். ஷிஜாகிட்ட கேட்டேன், பேச்சுன்னா. அதான்...”

உலகம்மாள் கட்டிலில் உட்கார்ந்தாள். கல்யாணத் தேதியில் ஒருமுறை கெடுத்தாகிவிட்டது. இப்போது இன்னொருமுறை, அதுவும் கும்பிட்டுவிட்டு வந்து கெடுத்திருக்கிறாள். தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் அதற்கும் கை எழவில்லை.

பொன்செல்வி அழவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. போனை எடுத்து மெயிலைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உலகம்மாள் நைசாக மேசையிலிருந்த தாளை எடுத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அது அங்கே கண் முன்னால் கிடப்பதை அவளால் பார்க்க முடியவில்லை.

மகேஷ் மத்தியானம் வந்தான். ஷிஜா போன் பண்ணிச் சொல்லியிருக்கிறாள். வந்ததும் வராததுமாகக் கத்தினான்.

“அம்மா, நீ எந்தா இப்படிச் செஞ்சது? நான் தெளிவாத்தானே பறஞ்சேன்?”

“நீங்க பறஞ்ச லட்சணம்தான் இது” என்றாள் பொன்செல்வி. உலகம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். மருமகள் தன் பக்கம் பேசுவாள் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அதற்காகச் சந்தோஷப்படவும் அன்றைக்குத் தெம்பில்லை.

மெயில் வந்திருந்தது. பொன்செல்வி வாசித்துத் தமிழில் சொன்னாள். பரீட்சை ரத்தாகவில்லை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளைக் காலையில் வீடியோவில் விசாரணை. உள்ளே வந்தது யார், என்ன கொடுத்தார், எதற்காக என்று கேட்பார்கள். காப்பியடித்தது என்று முடிவானால் இந்தச் சர்ட்டிபிக்கேட் மட்டுமல்ல, முன்னால் வாங்கிய இரண்டும் செல்லாது. அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலையே மிதிக்க முடியாது.

மகேஷ் வெளியே போய் யாருடனோ போனில் பேசிவிட்டு வந்தான். முகத்தில் கொஞ்சம் தெளிவு தெரிந்தது.

“கூட வேலை பாக்குத ஜெயன்கிட்ட கேட்டேன். குழப்பமில்லை, வழி இருக்கு. அம்மைக்கு ஓர்மைக்குறவுன்னு சொல்லிரலாம். எங்க போறோம், என்ன செய்றோம்னு தெரியாம உள்ள வந்துட்டாங்கன்னு. அவனுக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காரு, எழுதித் தருவாரு.”

ஓர்மைக்குறவு. இந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்க ஷிஜாவிடம் போக வேண்டியிருக்கவில்லை. மகன் தாயின் முகத்தைப் பார்க்காமல் சொன்னதிலேயே அர்த்தம் இருந்தது.

வள்ளியூரில் ஒரு கடை நடத்தியவள் உலகம்மாள். வீட்டுக்காரர் போன பிறகும் கணக்கு வழக்கில் ஒருவர் அவளை ஏமாற்றியது கிடையாது. இப்போது அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்று டாக்டர் எழுதித் தருவாராம்! சுருக்கென்று தைத்தது. ஆனாலும் வாயைத் திறந்தபோது வேறு விதமாகத்தான் வந்தது.

“எழுதிக்கோ. அதனால இவளுக்கு ஆகும்னா, எனக்குப் பைத்தியம்னே எழுதிக்கோ.”

“வேண்டாம்” என்றாள் பொன்செல்வி.

“எடீ, நீ சும்மா இரு...”

“வேண்டாம்னு சொன்னேன்லா? சந்தனம் வைக்க வந்தாங்க, வச்சாங்க. நடந்தத நடந்தபடி சொல்லுவோம். அந்தத் தாளையும் காட்டச் சொல்லிருக்காங்க, ரெண்டு பக்கமும். காட்டிருவோம். ஏதோ பழைய கிறுக்கல்தானே? பாத்தா அவங்களுக்கே தெரிஞ்சிரும். எங்க அத்தை அது?”

உலகம்மாள் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தாள் வியர்வையில் நனைந்து, ஒரு மூலையில் மஞ்சளாகச் சந்தனக் கறையோடு இருந்தது. பொன்செல்வி அதைப் பிரித்தாள். முன்பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். திருப்பினாள்.

திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

“என்னட்டி?”

“இதத்தான் கேட்டிருந்தாங்க.”

“எத?”

“கடைசியா வந்த கேள்வி. எனக்கு வராம உக்காந்திருந்தேன்லா, அதே கணக்கு.” அவள் அந்தக் கணக்கின்மேல் விரலை வைத்தாள். “நோய் இருக்கா இல்லையான்னு ஊருக்கே டெஸ்ட் வைக்காங்க. டெஸ்ட்டு புடிச்சுக் குடுத்த ஆளுல எத்தன பேருக்கு நெசமாவே நோயிருக்கும்னு கண்டுபிடிக்கணும். போன மாசம் இத முழுசாப் போட்டுப் பாத்தேன். விடையோட இருக்கு.”

அடுப்படியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“விடை என்ன?” என்றான் மகேஷ், எதற்கென்று தெரியாமல்.

“புடிபட்டதுல முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணுமே இருக்காது” என்று சொல்லிவிட்டுப் பொன்செல்வி சிரித்தாள். அவள் அழுதிருந்தால்கூட உலகம்மாளுக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

“இத நீ பாத்தியா, அங்க வச்சு?” என்று மகேஷ் கேட்டான்.

“பாக்கல. பாத்திரக் கூடாதுன்னுதான் மூஞ்சிய நிமித்திக்கிட்டேன். ஆனா கேமராவுக்கு அது தெரியுமா? கணக்கு வராம முழிச்சிக்கிட்டிருந்தவ பக்கத்துல, அந்தக் கணக்கோட விடையவே ஒருத்தங்க கொண்டுவந்து விரிச்சு வைக்காங்க. யாரு நம்புவா? நானே நம்ப மாட்டேன்.”

மகேஷ் அவள் கையிலிருந்து தாளைப் பிடுங்கினான். கேஸ் அடுப்புப் பக்கத்திலிருந்த லைட்டரை எடுத்துக்கொண்டான்.

“கத்திச்சுக் களையலாம், சாம்பலாப் போகட்டும். தொலைஞ்சு போச்சுன்னு சொல்லு. இல்ல, குவியல்லருந்து வேற ஒண்ண எடுத்துக் காட்டு. இதுல என்ன இருந்துச்சுன்னு அவங்களுக்கு அங்கருந்து வாசிக்க முடிஞ்சிருக்குமா?”

“முடிஞ்சிருந்தா?” என்றாள் பொன்செல்வி.

லைட்டர் அவன் கையில் அப்படியே நின்றது.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது உலகம்மாள் மருமகளின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் வைத்த சந்தனம் காய்ந்து, ஓரத்தில் உதிரத் தொடங்கியிருந்தது. இவ்வளவு நடந்தும் அவள் அதைத் துடைக்கவில்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே விட்டுவைத்தாளா? எதுவானாலும், அதைப் பார்க்கப் பார்க்க உலகம்மாளுக்குள் என்னவோ ஒன்று கெட்டிப்பட்டது.

எழுந்து போய் மகன் கையிலிருந்த தாளை வாங்கினாள். நான்காக மடித்து மறுபடி இடுப்பில் செருகினாள்.

“அம்மா...”

“நான் கொண்டுபோன தாளு. நான்தான் கொண்டுபோய்க் காட்டுவேன். அடுப்படியில எதுக்கு வச்சிருக்கேன், அதுல என்னல்லாம் மடிப்பேன், எல்லாம் சொல்லுதேன். அந்தக் குவியலையும் தூக்கிக் காட்டுதேன், எண்ணெய்க் கறையோட பாக்கட்டும். எனக்கு ஓர்மைக்கு ஒரு குறவும் இல்ல.” மருமகளைக் கையால் காட்டினாள். “ஆவணியில இவ படிப்பக் கெடுத்தவ நான். அன்னைக்குத் தெரியாது. இன்னைக்கும் தெரியாமத்தான் செஞ்சேன். தெரிஞ்சே செய்யுதது இனிமேதான். அது ஒழுங்கா இருக்கட்டும்.”

பொன்செல்வி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. யாருடைய கை என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

“நான் பக்கத்துலயே இருக்கேன் அத்தை. அவங்க இங்கிலீஷ்ல கேப்பாங்க. நான் சொல்லுதேன், நீங்க...”

போன் சிணுங்கியது. இன்னொரு மெயில். இந்த முறை மகேஷ்தான் எடுத்து வாசித்தான். வாசித்துவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

“அம்மாகிட்ட பேச அவங்களே ஒரு தமிழ் ஆளப் போடுவாங்களாம். நானும் பேச்சுல தலையிடப்பிடாதாம். அப்புறம்...” இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தையையும் தமிழிலேயே தேடி எடுத்தான். “அம்மா பேசி முடிக்குத வரைக்கும் பொன்செல்வி அந்த அறையில இருக்கக் கூடாதாம்.”

உலகம்மாள் இடுப்பைத் தடவி, தாள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

“அப்போ நாளைக்கு நெசமாவே சம்சாரம் கூடாதாக்கும்” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை.